பதினான்கு பிள்ளைகள் படிக்கும் பள்ளியை மூடினால் எவ்வளவு மிச்சமாகும்?

பழைய கருவூலத்தான்
நான் எழுதப்போவது பலருக்குக் கோபம் தரும். ஆனாலும் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகள் கருவூலத்தில் சம்பளப் பட்டியல் பார்த்தவன் நான். 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதே அறிக்கை வருவாய்ப் பற்றாக்குறையை 41,635 கோடி என்று மதிப்பிட்டது. அன்றாடச் செலவுக்கே கடன் வாங்குகிறோம் என்று அதற்குப் பொருள். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து செலவிடும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) 2024-25க்கு மத்திய அரசு தரவேண்டிய 2,152 கோடியும் அந்த ஆண்டில் வரவில்லை. மாநிலம்தான் தன் கையிலிருந்து போட்டுச் சமாளித்தது.

பள்ளிக் கல்விச் செலவில் பெரும்பகுதி ஊதியம். அதில் யாரும் கைவைக்க முடியாது. வைக்கவும் கூடாது. பிறகு எங்கேதான் குறைப்பது? பத்து, பதினைந்து பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு இணைப்பதுதான் வழி. பிள்ளைகளே இல்லாத 46 பள்ளிகளை 2019இல் நூலகங்களாக மாற்றினார்கள். அந்தத் துணிவு இப்போதும் வேண்டும்.

ஈராசிரியர் பள்ளி டீச்சர்
ஐயா, நீங்கள் சொல்லும் பள்ளியில்தான் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். பதினான்கு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். அந்த 46 பள்ளிகளிலும் ஒரு பிள்ளைகூட இல்லை. என் பள்ளியில் பதினான்கு பேர் காலை உணவுக்கு வந்து உட்காருகிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

சம்பளப் பட்டியல் பார்த்த நீங்களே கணக்கைச் சொல்லுங்கள். நாளைக்கே என் பள்ளியை மூடினால் நானும் உதவி ஆசிரியரும் பணி நிரவலில், அதாவது உபரி ஆசிரியர்களை இடம் மாற்றும் முறையில், வேறு பள்ளிக்குப் போவோம். எங்கள் ஊதியம் ஒரு ரூபாய்கூடக் குறையாது. முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு, நீங்கள் சொன்ன ஒருங்கிணைந்த திட்ட விதிப்படி ஆண்டு மானியம் 10,000 ரூபாய். அதோடு கொஞ்சம் மின் கட்டணம். அரசுக்கு மிஞ்சுவது இவ்வளவுதான்.

பழைய கருவூலத்தான்
டீச்சர், நீங்கள் சொல்வது முதல் ஆண்டுக் கணக்கு. நான் பத்தாண்டுக் கணக்கு சொல்கிறேன். நீங்கள் இருவரும் போய்ச் சேரும் பள்ளியில் இரண்டு காலியிடம் நிரம்பும். அங்கே புதிதாக இருவரை நியமிக்க வேண்டியதில்லை. அனுபவமுள்ள இரண்டு ஆசிரியர்களின் ஆண்டு ஊதியம் பத்து லட்சத்தைத் தாண்டும். நூறு பள்ளிகளை இணைத்தால் ஆண்டுக்குப் பத்துக் கோடி. அது சிறிய தொகையா?

இன்னொன்றும் உண்டு. ஒரே அறையில் ஐந்து வகுப்புகளை உட்கார வைத்து இரண்டு பேர் பாடம் நடத்துவதைவிட, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பது பிள்ளைக்கு நல்லதில்லையா?

ஈராசிரியர் பள்ளி டீச்சர்
வகுப்புக்கு ஓர் ஆசிரியர் நல்லதுதான், மறுக்கவில்லை. காலியிடக் கணக்கும் சரி. ஆனால் அதன் மறுபக்கத்தையும் எழுதுங்கள்.

தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்ட விதி. எங்களுக்கு அடுத்த பள்ளி இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளி, ஓடையைத் தாண்டி இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை தனியாக நடக்க முடியாது. வண்டி வைக்க வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும். அந்தப் போக்குவரத்துப் படி எந்தத் திட்டத்திலிருந்து வருகிறது? நீங்கள் சொன்ன, பணம் நின்றுபோன அதே திட்டத்திலிருந்துதான். இருக்கிற பள்ளியை மூடிவிட்டு, வராத பணத்தை நம்பி வண்டியை எதிர்பார்க்கச் சொல்கிறீர்கள்.

பக்கத்துக் குடியிருப்பில் பள்ளி நின்றபோது கண்ணால் பார்த்தேன். பையன்களைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு பெண் பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போனார்கள். எந்தப் பட்டியலிலும் அந்த இருவரின் செலவு வராது.

வேன் கட்டணம் கட்டும் அப்பா
இருவரும் செலவையே பேசுகிறீர்கள். வரவு? மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திட்டால் 2,152 கோடி வந்துவிடும். தேசியக் கல்விக் கொள்கையை எதிர்ப்பதற்காகப் பிள்ளைகள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26இல் 13,807 கோடி ஒதுக்க முடிந்தது, பள்ளிக் கழிப்பறைக்கு முடியவில்லையா?

பழைய கருவூலத்தான்
முதல் கேள்வியில் உங்களோடு நான் இல்லை. அந்த 2,152 கோடி சலுகையல்ல. 3,586 கோடித் திட்டத்தில் மத்திய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு. மாநிலம் தன் 40 விழுக்காட்டை ஏற்றுக்கொண்டு நடத்தும் திட்டம் அது. ஒரு திட்டத்தின் பணத்தை வேறொரு திட்டத்தில் சேர்ந்தால்தான் தருவேன் என்பது எந்த நிதி ஒழுங்கிலும் சேராது. நிறுத்தியது நியாயமல்ல என்று கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே சொல்லிவிட்டது. மாநிலம் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது சரியான முடிவு.

ஈராசிரியர் பள்ளி டீச்சர்
உரிமைத் தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. என் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள் பலர் அந்தத் தொகையில்தான் நோட்டும் செருப்பும் வாங்கித் தருகிறார்கள். இங்கே பிடுங்கி அங்கே கொடுத்தால் அதே வீட்டிலிருந்துதான் எடுக்கிறீர்கள்.

பற்றாக்குறை வரும்போது முதலில் வெட்டுப்படுவது எது என்று பாருங்கள். ஊதியம் இல்லை, கட்டடத் திறப்பு விழா இல்லை. சாக்பீஸ், குழாய், துப்புரவுப் பணியாளரின் சொற்பக் கூலி, சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்றுநர் வருகை. கேட்க ஆளில்லாத சின்னத் தொகைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. புதுக் கட்டடத்தை ஓராண்டு தள்ளிப் போடுங்கள், எனக்குச் சம்மதம். இவற்றைத் தொடாதீர்கள்.

பழைய கருவூலத்தான்
உங்கள் பள்ளிக்கு இந்த முறை மானியம் எவ்வளவு வந்தது?

ஈராசிரியர் பள்ளி டீச்சர்
பாதி. அதுவும் ஆண்டுக் கடைசியில். கழிப்பறைக் குழாயை மாற்றிவிட்டேன். உடைந்த ஓடுகள் அப்படியே கிடக்கின்றன. பிளீச்சிங் பவுடர் என் பணம்.

பழைய கருவூலத்தான்
இணைப்பைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. வண்டி ஓடத் தொடங்கிய பிறகே பள்ளியை மூட வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். மானியம் ஜூன் மாதமே முழுதாக விடுவிக்கப்பட வேண்டும். 10,000 ரூபாயைப் பாதியாக்கி அரசு எதையும் மிச்சப்படுத்திவிட முடியாது. பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு மனு போடுங்கள். எழுத நான் உதவுகிறேன்.

ஈராசிரியர் பள்ளி டீச்சர்
தீர்மானத்தை வெள்ளிக்கிழமை போடுகிறோம், ஐயா. இணைப்பைப் பற்றி அடுத்த முறை எழுதுவதற்கு முன் ஒருமுறை எங்கள் ஊருக்கு வாருங்கள். ஐப்பசியில், ஓடையில் தண்ணீர் போகும்போது வாருங்கள்.