லா பாஸ் பயணம்: குடும்பக் குழுவில்

செல்வி அத்தை: கார்த்தி, பொலிவியாவுல சோறே வேகாதாமே?

முருகன் சித்தப்பா: திறந்த பானையில லேசுல வேகாதுக்கா. அவன் போற லா பாஸ் 3,600 மீட்டர் உயரம். தண்ணி 88 டிகிரியிலயே கொதிச்சிடும். தளதளன்னு கொதிக்கும், வழக்கமான நேரத்துல இறக்கினா அரிசி மட்டும் நடுவுல வேகாம நிக்கும். குக்கர் வேணும். அதுக்குள்ளயும் நம்ம ஊர் சூடு ஏறாது. 10 நிமிஷம் வைக்கறத 15 நிமிஷமா வைக்கணும்.

கார்த்தி: பெட்டியில குக்கர் இருக்கு. ஃபுட்பாலும் எடுத்துக்கிட்டேன், காத்தழுத்தம் 9 பிஎஸ்ஐ வச்சிருக்கேன்

முருகன் சித்தப்பா: காத்த இறக்கிட்டுக் கொண்டு போ. அங்க வெளிக்காத்தோட அழுத்தம் இங்க இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குதான். உன் 9 அங்க 13, 14 காட்டும். கல்லு மாதிரி இருக்கும், தையலுக்கும் நல்லதில்ல. அங்க போய் கேஜ் வச்சு அடி. பம்ப் ஊசி ரெண்டு எடுத்துக்கோ.

தீபா: சரியா காத்தடிச்சாலும் பந்து பறக்கும்ணா. காத்து லேசு, தடுக்கறதுக்கு ஆளில்ல. சுத்தி விட்டாலும் அவ்வளவா வளையாது. ஃப்ரீகிக் சுவரைத் தாண்டும், கீழ இறங்காம கம்பத்துக்கு மேல போயிடும். கீப்பர் ஒரு எட்டு பின்னாடியே நிக்கணும்

கார்த்தி: போன மறுநாளே ஆடலாமா?

தீபா: வேண்டவே வேண்டாம். ஏர்போர்ட்டே லா பாஸுக்கு மேல ஒட்டி இருக்கற எல் ஆல்டோ ஊர்ல, 4,000 மீட்டருக்கு மேல. முதல் ரெண்டு மூணு ராத்திரிதான் மோசம்: தலைவலி, குமட்டல், தூக்கம் வராது. அதனாலதான் வெளிநாட்டு டீம்ங்க கீழ தாழ்வான ஊரான சாண்டா குரூஸ்ல தங்கி, மேட்சுக்குச் சில மணி நேரம் முன்னாடி ஏறி வரும். இல்லேன்னா வாரக்கணக்குல முன்னாடியே வந்து பழகணும். ரெண்டுங்கெட்டானா வந்தா மூச்சு வாங்கும்

முருகன் சித்தப்பா: ஒரு ஸ்பிரிண்ட் ஓடிடலாம். அடுத்த ஸ்பிரிண்டுக்கு மூச்சு திரும்பாது, அங்கதான் மாட்டுவாங்க. 1993ல பிரேசில் உலகக்கோப்பை தகுதிச்சுற்றுல முதல் தடவையா தோத்தது அங்கதான், 2-0. 2009ல மரடோனா கோச்சா இருந்த அர்ஜென்டினாவுக்கு 6-1 தோல்வி.

தீபா: உயரத்துக்கே எல்லாத்தையும் எழுதி வைக்காதீங்கப்பா. அதே லா பாஸ்ல 2022ல பிரேசில் 4-0ன்னு ஜெயிச்சது. 2023ல மெஸ்ஸி ஆடாமலே அர்ஜென்டினா 3-0ன்னு ஜெயிச்சது. பந்தத் தரையிலயே வச்சு, எதிராளிய ஓட விட்டாங்க

முருகன் சித்தப்பா: அதனாலதானே 2024ல பொலிவியாக்காரங்க இன்னும் மேல, எல் ஆல்டோவுக்கே மேட்ச கொண்டு போனாங்க! 2025 செப்டம்பர்ல அங்க பிரேசில 1-0 ஜெயிச்சாங்கல்ல?

தீபா: பெனால்டியில

முருகன் சித்தப்பா: கோல் கோல்தான்

செல்வி அத்தை: ஃபுட்பால் இருக்கட்டும். ரூம் எங்கடா?

கார்த்தி: சோனா சூர், அத்தை

தீபா: நல்லது. நகரத்துல அதுதான் தாழ்வான பக்கம், சென்டர விட சில நூறு மீட்டர் கீழ. கேபிள் கார்ல மேல போய் வந்துடலாம். முதல் ரெண்டு நாள் பீர் தொடாதீங்க, படி ஏறாதீங்க. கோகா டீ குடிங்க, ஆனா அந்த இலைய ஊருக்குக் கொண்டு வந்தா கஸ்டம்ஸ்ல மாட்டுவீங்க, இங்க தடை

செல்வி அத்தை: சரி சரி. குக்கருக்கு கேஸ்கட் ரெண்டு உபரியா வச்சுக்கோ. நம்ம அளவு அங்க கிடைக்கும்னு நம்பாத.