கொறங்காட்டில் மே மாதம்: ஆறு வயதுப் பெண்ணுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

கேட்டவர்: காங்கேயத்து மகள்

என் மகளுக்கு ஆறு வயது. சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள். இந்த மே மாதம் முழுவதும் காங்கேயத்துக்குத் தெற்கே என் அம்மா வீட்டில் விடலாம் என்றிருக்கிறோம். அங்கே கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும், பசுவும் இளங்கன்றும், ஒரு பட்டிச் செம்மறிகளும், நாலைந்து வெள்ளாடுகளும், கோழிகளும் இருக்கின்றன. என் அக்காவின் பையன்கள் இருவரும் வருகிறார்கள். ஒன்பது, பதினொன்று வயது. இருவருக்கும் பயம் என்பதே கிடையாது, அதுதான் என் பயம். அவள் அப்புச்சியிடம் (என் அப்பாவிடம்) கேட்டால் "நீ வளரவில்லையா?" என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறார். அவளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்? எதில் கவனம் வேண்டும்? இன்னொன்று: அவள் கொஞ்சி வளர்க்கும் குட்டியை வியாபாரி வந்து பிடித்துக்கொண்டு போனால் என்ன சொல்வது?

பதில்: வெள்ளகோவில் பட்டிக்காரர்

அம்மணி, வேடிக்கை பார்க்கத்தான் என்று கொண்டுபோய் விட்டால் நாலாம் நாளே செல்போன் கேட்பாள். பொறுப்பு ஒன்று கொடுங்கள். முதல் வேலை படல், அதாவது பட்டிக் கதவைச் சாத்துவது. திறந்தவர்தான் சாத்த வேண்டும். இந்த ஒரு சட்டம் பழகிவிட்டாலே பாதிக் குடியானவள் ஆகிவிட்டாள்.

இரண்டாவது, வெள்வேலங்காய் பொறுக்குவது. நம் கொறங்காட்டை உழுவதில்லை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். கோடையில் புல் காய்ந்துவிட்டால் அந்தக் காய்தான் ஆடுகளுக்குத் தீனி. விடியற்காலையில் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பை கொடுத்து அனுப்புங்கள். செருப்பு கட்டாயம், வெள்வேல முள் சும்மா விடாது. அக்னி நட்சத்திர வெயிலில் பத்து மணிக்கு மேல் ஆடே நிழலைத் தேடும். பிள்ளைகளையும் திண்ணைக்குத் திருப்பிவிடுங்கள். நுங்கு வெட்டிக் கொடுத்தால் தின்றுவிட்டு மட்டையில் வண்டி செய்துகொள்வார்கள். மதியம் அதிலேயே ஓடிவிடும்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவையுங்கள். நம் பக்கத்து மேச்சேரி இனச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது, முடிதான். என் பேத்தி படப்புத்தகத்தில் பார்த்த வெள்ளைப் பஞ்சு ஆட்டைப் பட்டி முழுக்கத் தேடினாள். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது "என் செவலைக் கன்று எங்கே, விற்றுவிட்டீர்களா?" என்று ஒரே அழுகை. அது அவள் எதிரிலேயே சாம்பல் நிறத்தில் நின்றுகொண்டிருந்தது! காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாத வாக்கில் நிறம் மாறிவிடும். எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. இன்னமும் என்மேல் சந்தேகம்தான்.

கவனம் என்றால் கிடாவைச் சொல்வேன். மாட்டுக்குப் பயப்படும் பிள்ளை கிடாவுக்குப் பயப்படாது. குனிந்து காய் பொறுக்கும்போது பின்னாலிருந்து முட்டித் தள்ளிவிடும். புதிதாகக் கன்று ஈன்ற பசுவிடமும் தனியாக விடாதீர்கள். எவ்வளவு சாதுவானாலும் அந்தச் சில வாரங்களுக்கு அது வேறு மாடு. கிணற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீச்சல் பழக்குவதென்றால் சுரைக்குடுக்கையும் இடுப்பில் கயிறும் கட்டி, பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் இறங்கி நிற்க வேண்டும். பையன்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற பேச்சே வேண்டாம்.

விற்பதைப் பொறுத்தவரை, "காணாமல் போய்விட்டது" என்று கதை சொல்லாதீர்கள். அவள் ஊரெல்லாம் தேடுவாள். விற்கிற குட்டிக்குப் பெயர் வைக்காதே என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

சுருக்கமாகச் சொல்கிறேன். கறந்த பாலைப் பச்சையாகக் குடிக்கத் தர வேண்டாம். காய்ச்சித்தான் தர வேண்டும். கன்றின் முகத்தில் வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், கொஞ்சும் பிள்ளைக்கும் ஒட்டும். சாயங்காலம் குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், அக்குளில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். குட்டி போட்ட நாயை நெருங்க விடாதீர்கள். நாய் கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. பூச்சிமருந்து டப்பாக்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று போன உடனே பாருங்கள். பெரும்பாலும் தீவனத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

பதில்: தாராபுரத்து அத்தை

பட்டிக்காரர் அண்ணா சொன்னதெல்லாம் சரி, கடைசி ஒன்றைத் தவிர. பெயர் வைக்காதே என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? அன்றைக்கே இரண்டு பெயர் வைக்கும். அதற்குப் பதிலாக அவளுக்கென்று ஒரு வெள்ளாட்டுப் பெட்டைக்குட்டியைக் கொடுங்கள். கிடாய்க்குட்டிதான் சீக்கிரம் விலைக்குப் போகும். நல்ல பெட்டையைப் பெருக்கத்துக்கு வைத்துக்கொள்வார்கள். அடுத்த வருடம் போனால் அது குட்டியோடு நின்றாலும் நிற்கும். இரட்டையில் தாய்ப்பால் போதாத குட்டியாக இருந்தால் இன்னும் நல்லது, புட்டிப்பால் கொடுக்கும் வேலையும் அவளுக்குக் கிடைக்கும். பிறந்த உடனே சீம்பால் குடித்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அது குடிக்காத குட்டி தேறுவது கடினம்.

கேட்டவர்: காங்கேயத்து மகள்

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் போனில் பேசினேன். வெள்ளாடு ஒன்று இரட்டை ஈன்றிருக்கிறதாம், ஒன்று பெட்டை. சீம்பால் குடித்துவிட்டது. இவள் அதற்குள் பெயரும் வைத்துவிட்டாள், அண்ணன்கள் ஏற்க மறுக்கிறார்கள். கிணற்றுக்குக் கம்பிவலை போடச் சொல்லியிருக்கிறேன்.

பதில்: வெள்ளகோவில் பட்டிக்காரர்

அத்தை சொல்வதே சரி, பெட்டைக்குட்டியையே கொடுங்கள். வலையில் கதவு விட்டால் பூட்டும் போடச் சொல்லுங்கள் அம்மணி. சாவி அம்மாயி (உங்கள் அம்மா) இடுப்பில் இருக்கட்டும்; அப்புச்சியிடம் வேண்டாம், பேரன்கள் கேட்டால் கொடுத்துவிடுவார்.