சிதைந்த பேக்கப் நாடாவிலிருந்து தரவை எடுப்பதற்கு என்ன சொல்?

பாளையங்கோட்டை, பாலிடெக்னிக் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். கணினிப் பராமரிப்புப் பாடத்துக்குத் தமிழில் குறிப்பேடு எழுதி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஓரிடத்தில் முட்டி நிற்கிறேன். கணினித் தரவை நகலெடுத்து வைக்கும் காந்த நாடாதான் பேக்கப் நாடா. நல்ல நாடாவிலிருந்து கோப்புகளைத் திரும்ப ஏற்றுவது ரெஸ்டோர். நாடா நனைந்தோ நசுங்கியோ பாதி அழிந்தோ போனபின், கிடைப்பதை எடுப்பது ரெக்கவரி. இரண்டுக்கும் ‘மீட்பு’ என்றே எழுதியிருந்தேன். வகுப்பில் ஒரு மாணவி, “ரெண்டும் ஒண்ணுன்னா ரெண்டு பாடம் எதுக்கு மிஸ்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நனைந்த நாடாவை வெயிலில் காயப்போட்டு டிரைவில் செருகினால் இருப்பதும் போய்விடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதையும் தாமிரபரணி ஊருக்குள் வந்ததையும் பார்த்த பிள்ளைகள் இவர்கள். இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரியவேண்டும்.

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, நல்ல கேள்வி. மீள் தன்வினை, மீட்டல் பிறவினை. வீணையை மீட்டுவதும் இதே வேர்தான் என்பது என் துணிபு: இழுத்துவிட்ட நரம்பு தன் நிலைக்கு மீள்கிறதல்லவா? ஆக, மீட்பு என்றாலே முன்பு இருந்த நிலைக்கே வருவது. நம் பக்கத்தில் அடகு நகையை ‘மீட்டேன்’ என்பதைவிடத் ‘திருப்பினேன்’ என்பார்கள். வைத்த நகை வைத்தபடி வரும். அது உங்கள் ரெஸ்டோர். மற்றதற்கு நம் மண்ணிலேயே சொல் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தவர். செல்லரித்த ஓலையைப் பார்த்துப் புதிதாக எழுதுவதை ‘ஏடு பெயர்த்தெழுதுதல்’ என்றார்கள். 1894இல் புறநானூற்றை அவர் அச்சிட்டபோது 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. எண்ணை மாற்றி அடுக்கி அந்த இடத்தை மூடிவிடவில்லை. இடம் இடமாகவே நிற்கிறது. சிதைந்த நாடாவுக்கும் இந்த நேர்மை வேண்டும். என் பரிந்துரை: பெயர்த்தெடுப்பு.

திசையன்விளை, நாடா வேலை பார்ப்பவர்:

ஐயா, நீங்க சொன்ன 267, 268 விஷயம் அப்படியே எங்க வேலை. படிக்க முடியாத பிளாக்கை, அதாவது தரவை எழுதியிருக்கிற ஒரு துண்டை, சும்மா விட்டுட்டு அடுத்ததை ஒட்டக்கூடாது; ஒட்டினா பின்னால உள்ள கோப்பு எல்லாம் இடம் மாறிப்போகும். பூஜ்யத்தால நிரப்பி, எந்த இடம்னு தனியா எழுதி வைப்போம்.

சொல்லைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி வேலையைச் சொல்லுதேன். நனைஞ்ச டேப்பைக் காயவிடாம ஈரமாவே வாங்குவோம். சேறோட காஞ்சா சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். காய்ச்சி வடிச்ச தண்ணில அலசி, சூடு படாம உலர்த்தணும். 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடிச்சப்போ அதோட டேப் ஆறு வாரம் கடலுக்கடியில கிடந்தது. அதையே எடுத்துக் கேட்டிருக்காங்க. பழைய டேப்புல இன்னொரு கேடு. காந்தத் தூளைப் பிடிச்சிருக்கிற பாலியூரித்தேன் பசை காத்து ஈரத்தைக் குடிச்சுப் பிசுபிசுத்துப்போகும். ஓடவிட்டா தூள் உதிர்ந்து, டேப்பைப் படிக்கிற ஹெட்டுல அப்பிக்கும். அந்த வகைக்கு மட்டும் 50 டிகிரிச் சூட்டுப் பக்கத்துல பல மணி நேரம் வைப்பாங்க. கொஞ்ச நாளைக்குப் படிக்கும், அதுக்குள்ள நகல் எடுத்துரணும்.

டேப்புக்கு ஒண்ணுமே ஆகாமலும் தரவு போகும். எல்டிஓன்னு ஒரு வகை பேக்கப் டேப் கார்ட்ரிட்ஜ் இருக்கு; அதுல யாராவது தெரியாம ஆரம்பத்துல சின்னக் கோப்பு ஒண்ணை எழுதிட்டா அங்கேயே ‘தரவு முடிந்தது’ங்கிற குறி விழுந்துரும். பழைய தரவு அதுக்கப்புறமும் அப்படியே இருக்கு. டிரைவ் தாண்டிப் போக மாட்டேங்கும். இங்க பெயர்க்க ஓலை எதுவும் செல்லரிக்கலையே ஐயா! ‘பெயர்ப்பு’ன்னா பிள்ளைக மொழிபெயர்ப்புன்னும் நினைக்கும். ரெக்கவரின்னே போடுங்க.

வீரவநல்லூர்:

இடையில் ஒன்று. ‘நாடா’வைத் தமிழ் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டீர்கள். அது உருது வழி வந்தது. எங்கள் தறிகளில் ஊடை நூலை ஏந்தி ஓடுவதும் நாடாதான். முதலில் அதைத் தீர்க்காமல் மீட்பைப் பேசி என்ன பயன்? ‘காந்தப்பட்டை’ என்று சொன்னால் என்ன குறை?

தென்காசி:

நாடாவைத் தொடவேண்டாம், ஒலிநாடா கேட்டு வளர்ந்த ஊர் இது. ஆதிச்சநல்லூரை நினைத்து ‘அகழ்வு’ என்று எழுத வந்தேன். தரவகழ்வு ஏற்கெனவே டேட்டா மைனிங்குக்குப் போய்விட்டது. ‘சிதைமீட்பு’ எப்படி? வினைத்தொகை மூன்று காலமும் காட்டும். சிதைந்த, சிதைகின்ற, சிதையும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் நாடா இன்னும் கொஞ்சம் கெடுகிறது என்பதால் மிகப் பொருந்தும்.

அம்பாசமுத்திரம்:

தம்பி, மூன்று காலமும் சரி. எது சிதைகிறது? வினைத்தொகையில் வினை அடுத்த பெயரைத்தான் பற்றும். ஊறுகாய் என்றால் ஊறுவது காய். சிதைமீட்பு என்றால் சிதைவது மீட்பு! ‘சிதைநாடா’ என்று சொல்லுங்கள், கைதட்டுகிறேன். வேண்டுமானால் ‘சிதைவுமீட்பு’, சிதைவிலிருந்து மீட்பு, ஐந்தாம் வேற்றுமைத் தொகை. அதையும் நான் முழுமனத்தோடு சொல்லவில்லை. சிதைவை மீட்பது என்று இரண்டாம் வேற்றுமையாகவும் விரியும்.

தென்காசி:

மண்மீட்பு என்றால் மண்ணை மீட்பது, கடன்மீட்பு என்றால் கடனிலிருந்து மீட்பது. கேட்பவர் பொருளை வைத்துப் பிரித்துக்கொள்கிறார். சிதைவுமீட்புக்கு என் கை.

பாளையங்கோட்டை:

நேற்றிரவு வரை தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தேன். பெரும்பாலோர் சிதைவுமீட்பு பக்கம். பாதிப்பேர் ‘சரி, இதையே போட்டு முடியுங்கள்’ என்ற அளவில்தான். குறிப்பேட்டில் ரெஸ்டோருக்கு மீட்டமைப்பு, ரெக்கவரிக்குச் சிதைவுமீட்பு. ஐயாவின் பெயர்த்தெடுப்பை, நாடாவைப் பிளாக் பிளாக்காக நகலெடுக்கும் முதல் படிக்கு வைக்கிறேன். நனைந்த நாடாவைக் காயவைக்காதே என்பதைத் தடித்த எழுத்தில் முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டேன்.

திசையன்விளை:

நல்லதும்மா. முடிவுக்குறி தாண்டி எடுக்கிறதையும் இதே தலைப்புல சேருங்க. அதுல சிதைவே இல்லைங்கிற என் குறை அப்படியேதான் இருக்கு.

அம்பாசமுத்திரம்:

முதல் படிக்கு மட்டும் என்பதை நான் ஏற்கவில்லை. பெயர்த்தெடுப்பு முழு வேலைக்கும் உரிய சொல். அடுத்த பதிப்பில் மீண்டும் எழுதுவேன். இப்போதைக்குச் சிதைவுமீட்பை இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அச்சிடச் சொல்லுங்கள் அம்மா.