மறு: ‘கனெக்‌ஷன்’, ‘ஜாயின்’ இரண்டுக்கும் ‘இணைப்பு’ போதுமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். நிரல் எழுதும் மென்பொருளுக்குள்ளிருந்தே தரவுத்தளத்தைக் கையாளும் சாளரத்தைத் தமிழாக்குவது பற்றிய இந்த இழையில், ‘கனெக்‌ஷன்’ என்பதற்கு ‘இணைப்பு’ என்று எழுதிவிட்டு மேலே போகலாம் என்று பலரும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அந்தச் சொல்லை அங்கே வைத்தால் வேறு இரண்டு இடங்களிலிருந்து அதை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் பயனருக்கு உண்மையான இழப்பு நேரும்.

நிரல் எழுதும் மென்பொருள்களில் ஒன்றான நெட்பீன்ஸையே பார்ப்போம். அப்பாச்சியின் கீழ் திறமூலமாக இருப்பதால் அதன் சரங்களை, அதாவது திரையில் வரும் சொற்களை, யாரும் திறந்து பார்க்கலாம். ‘சர்வீசஸ்’ சாளரத்தில் ‘டேட்டாபேசஸ்’ என்ற கிளையை விரித்தால் இயக்கிகளின் (தரவுத்தளத்தோடு பேச உதவும் சிறு நிரல்களின்) பட்டியலும், அதன் கீழே நாம் உருவாக்கிவைத்த கனெக்‌ஷன்களும் வரும். புதிதாக ஒன்றை உருவாக்க இயக்கியைத் தேர்ந்தெடுத்து, வழங்கியின் (சர்வரின்) பெயர், துறை எண் (தரவுத்தள மென்பொருள் மைஎஸ்கியூஎல் என்றால் வழக்கமாக 3306, போஸ்ட்கிரெஸ் என்றால் 5432), தரவுத்தளத்தின் பெயர், பயனர்பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைத் தருகிறோம். இவற்றில் வழங்கி, துறை எண், தரவுத்தளத்தின் பெயர் மூன்றையும் கோத்து ஜேடிபிசி முகவரி (ஜாவா வழியாகத் தரவுத்தளத்தை அணுகும் முகவரி) உருவாகிறது. சேமித்தவுடன் பட்டியலில் ஒரு வரி சேர்கிறது. அந்த வரி அடுத்த நாள் மென்பொருளைத் திறக்கும்போதும் அங்கேயே இருக்கும். ஆனால் அதன் படவுரு உடைந்ததுபோல் காட்டும். வலச்சொடுக்கி ‘கனெக்ட்’ கொடுத்தால்தான் படவுரு ஒட்டிக்கொள்ளும், அட்டவணைகள் விரியும்.

ஆக, ‘கனெக்‌ஷன்’ என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, வட்டில் சேமித்துவைத்த விவரம். இன்னொன்று, வழங்கியோடு இந்த நொடியில் திறந்திருக்கும் உயிருள்ள தொடர்பு. முதலாவதை நூறு வைத்திருந்தாலும் வழங்கிக்கு ஒரு சுமையும் இல்லை. இரண்டாவதற்கு வரம்பு உண்டு: போஸ்ட்கிரெஸில் இயல்பமைப்பில் 100, மைஎஸ்கியூஎல்லில் 151. போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி இயக்கச்செயல் (பிராசஸ்) ஒன்றையே ஒதுக்குகிறது.

இது வெறும் நுணுக்கம் அல்ல. ‘இணைப்புகள் மிகுந்துவிட்டன’ என்ற பிழைச்செய்தி வந்தவுடன் ஒரு மாணவி தன் பட்டியலில் இருந்த வரிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்மேல் பிழை இல்லை. செய்தியில் இருந்த சொல்லும் பட்டியலின் தலைப்பில் இருந்த சொல்லும் ஒன்றாக இருந்தன. இதற்கு நேர்மாறான அச்சமும் உண்டு: ‘இணைப்பை நீக்கு’ என்பதைத் தொட்டால் தரவுத்தளமே போய்விடுமோ என்று தயங்கி, பழைய வரிகளை அப்படியே விட்டுவைப்பவர்கள் ஏராளம்.

இந்தக் குழப்பத்தை மற்றக் கருவிகள் உணர்ந்திருக்கின்றன. டேட்டாகிரிப் சேமித்த விவரத்தைத் ‘தரவுமூலம்’ என்ற பொருளில் தனியே அழைக்கிறது. திறந்திருக்கும் தொடர்பை அமர்வுகளாகக் காட்டுகிறது. போஸ்ட்கிரெஸுக்கான பிஜிஅட்மினில் வழங்கியைப் பட்டியலில் ‘பதிவு’ செய்கிறோம். அதைப் பட்டியலிலிருந்து எடுக்க ஒரு கட்டளை, தரவுத்தளத்தை அழிக்க வேறொரு கட்டளை. நாம் தமிழில் புதிதாகத் தொடங்குகிறோம். மூலத்தில் இருக்கும் குழப்பத்தையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

சேமித்த விவரத்துக்கு ‘இணைப்புக்குறிப்பு’ என்று முன்மொழிகிறேன். ‘இணைப்புப் பதிவு’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அட்டவணையில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் பதிவு என்றே சொல்லிப் பழகிவிட்டதால் இங்கே அது இடறும். ‘தொடுப்பு’ இலங்கைத் தமிழில் இணையச் சுட்டிக்கு நன்றாக நிலைத்த சொல். ஆனால் அங்கே அது சுட்டிக்குரியது. தமிழ்நாட்டுப் பேச்சிலோ அதற்கு வேறு பொருள் இருப்பதால் வகுப்பறையில் சொல்ல ஆசிரியர்கள் தயங்குவார்கள். ‘குறிப்பை நீக்கு’ என்று பட்டியலில் வந்தால் போவது குறிப்பு மட்டும்தான் என்று படிப்பவருக்கு உடனே விளங்கும். டேட்டாகிரிப் வழியில் ‘தரவுமூலம்’ என்றும் வைக்கலாமே என்று கேட்கலாம். ஜாவாவில் அந்தப் பெயரில் ஓர் இடைமுகமே இருக்கிறது. நிரலில் அதைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் நமக்குத் தேவைப்படும்.

உயிருள்ள தொடர்புக்கு ‘இணைப்பு’தான். மின்வாரியமும் தொலைபேசித் துறையும் அதைப் பல தலைமுறைகளாகப் பழக்கிவைத்திருக்கின்றன. எதிர்ச்சொல்லும் கையோடு இருக்கிறது: இணை, துண்டி. பொத்தானில் எழுத இவ்வளவு சின்னதாக ஏவல்வினை கிடைப்பது அரிது.

அடுத்தது ‘ஜாயின்’, அதாவது இரண்டு அட்டவணைகளின் வரிகளைப் பொருத்தி ஒரே விடையாகத் தருவது. பாடநூல்கள் சிலவற்றிலும் இதற்கு ‘இணைப்பு’ என்றே இருக்கிறது. தனியாகப் படிக்கும்போது தவறில்லை. ஆனால் நிரல்சூழலில் இடப்பக்கம் இணைப்புகளின் கிளை, வலப்பக்கம் வினவல் (குவெரி) எழுதும் இடம். ‘இணைப்பில் பிழை’ என்று கீழே ஒரு செய்தி வந்தால் வழங்கி படுத்துவிட்டதா, வினவலில் நிபந்தனை தவறா? எங்கே தேடுவது?

‘சேர்ப்பு’ வேண்டாம், புது வரியைச் சேர்ப்பதோடு மோதும். ‘பிணைப்பு’ நல்ல சொல்தான், ஆனால் வினவலின் அளபுருக்களுக்கு (பாராமீட்டர்களுக்கு) மதிப்பைப் பிணைப்பதற்கு அதை ஏற்கெனவே பலர் பயன்படுத்துகிறார்கள். ‘புணர்’ இலக்கணத்தில் மிகப் பொருத்தம். இன்றைய வழக்கில் முடியாது.

நான் விரும்புவது ‘மூட்டு’. மூட்டிய கைலி என்கிறோம், சாக்கின் வாயை மூட்டுவது என்கிறோம். இரண்டு விளிம்புகளை ஒன்றோடொன்று பொருத்தி ஒன்றாக்குவதுதான் அந்த வினை. ஜாயினும் அதையே செய்கிறது: வாடிக்கையாளர் அட்டவணையில் இருக்கும் எண்ணையும் ஆர்டர் அட்டவணையில் இருக்கும் அதே எண்ணையும் விளிம்பாக வைத்து வரிகளை ஒன்றாக்குகிறது. இரண்டு அட்டவணைகளும் தனித்தனியாக அப்படியே இருக்கும். விடையில் மட்டுமே மூட்டப்படுகின்றன. வகைகளும் இயல்பாக விழுகின்றன: உள்மூட்டு, இடமூட்டு, வலமூட்டு, முழுமூட்டு. மூட்டு என்றால் முழங்கால்தான் நினைவுக்கு வருகிறது என்று சிலர் சொல்லக்கூடும். ‘சுட்டி’, ‘சாளரம்’ எல்லாம் அப்படித்தான் தொடங்கின. அட்டவணைக்குப் பக்கத்தில் நிற்கும் ‘மூட்டு’ யாரையும் எலும்பு மருத்துவரிடம் அனுப்பாது.

போகிற போக்கில் ‘கனெக்‌ஷன் பூல்’ பற்றியும் ஒரு வரி. ‘இணைப்புக்குளம்’ என்று ஓரிடத்தில் பார்த்தேன். அங்கே தண்ணீர் எதுவும் இல்லை. முன்கூட்டியே திறந்துவைத்த இணைப்புகளை நிரல் எடுத்துப் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தருகிறது. ஜாவாவுக்கான ஹிக்காரிசிபி நிரலகம் இயல்பில் 10 வரை வைத்திருக்கும். ‘இணைப்பு இருப்பு’ என்றால் எடுப்பதும் திருப்புவதும் தானே வந்துவிடும். அங்கே ‘குளோஸ்’ என்று நிரலில் எழுதினாலும் இணைப்பு உண்மையில் மூடப்படுவதில்லை, இருப்புக்குத் திரும்புகிறது என்பதையும் மாணவருக்குச் சொல்ல எளிது.

இந்த நான்கையும், அதாவது இணைப்புக்குறிப்பு, இணைப்பு, மூட்டு, இணைப்பு இருப்பு ஆகியவற்றை, சரக்கோப்பில் இட்டுப் பார்த்து மறுப்பு எழுதுங்கள். ‘மூட்டு’க்கு இதைவிடச் சிறந்த சொல் யாரிடமாவது இருந்தால் வினையாகவும் பெயராகவும் அது எப்படி வரும் என்று இரண்டு வாக்கியங்களில் காட்டிவிடுங்கள். தரவுத்தளப் பரிமாற்றத்தை (டிரான்சாக்ஷனை) உறுதிசெய்வது, மீளப்பெறுவது பற்றிய சொற்களுக்குத் தனி இழை தொடங்குகிறேன். அவற்றை இங்கே கலக்க வேண்டாம்.

அன்புடன்