விழுந்த வண்டியில் இன்ஜின் லைட் அணையவே இல்லை, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. தம்பியின் 150 சிசி பிஎஸ்6 வண்டி நத்தம் சாலையில் மணலில் வழுக்கி, வலது பக்கமாக விழுந்துவிட்டது. நல்ல வேளை, அவனுக்குச் சிராய்ப்போடு போயிற்று.

இப்போது மீட்டரில் இன்ஜின் கோளாறைக் காட்டும் லைட் விடாமல் எரிகிறது. வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது) துடித்துத் துடித்து அணைந்துவிடுகிறது. முதலில் நீலப் புகையும் வந்தது. சாய்ந்து கிடந்ததில் ஆயில் ஏறியிருக்கும் என்று ஏர் ஃபில்டரைத் திறந்தால், அடிப்பக்கம் எண்ணெயில் ஊறிப்போயிருந்தது. மாற்றியதும் புகை நின்றது, லைட் மட்டும் அப்படியே. வண்டி சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சாய்வு சென்சார் போயிருந்தால் ஸ்டார்ட்டே ஆகாது இல்லையா? அதனால் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியின் சென்சார் அல்லது அதன் கப்ளர் (வயர் இணைப்பு) மேல்தான் எனக்குச் சந்தேகம்.

அப்புறம், கிளட்ச் கவரின் கீழ் ஓரத்தில் மயிரிழை விரிசல். இரவு துடைத்து வைத்தால் காலையில் ஒரு சொட்டு ஆயில் கோத்து நிற்கிறது. எம்சீல் போட்டால் போதும் என்கிறார் மெக்கானிக். இன்ஜின் சூட்டுக்கு அது தாங்குமா, கவரையே மாற்றிவிடலாமா? ஆயில் குறைந்து இன்ஜின் ஜாம் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அதனால் வண்டியை எடுக்கவே விடவில்லை.

திண்டுக்கல், மதுரைப் பக்கம் ஸ்கேனர் வைத்து எரர் கோடு பார்ப்பவர்கள் தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள்.