பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைக்கு எந்த வீல்? 52 பல்லை ஆட்டுகிறது, 60 பலகையைக் கடிக்கிறது

பூப்பந்துத்திடல் எழுதியது:

வணக்கம் அண்ணன்களே, அக்காக்களே.

ஸ்கேட்போர்டு வாங்கி 7 மாதம் ஆகிறது. கடையில் முழுதாகப் பூட்டிக் கொடுத்த பலகை. வீல் பக்கவாட்டில் 52 மி.மீ., 101ஏ என்று அச்சடித்திருக்கிறது (முதலாவது விட்டம், அடுத்தது கடினத்தன்மை, எண் கூடினால் கடினம்). எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே கூரை போட்ட பூப்பந்துத் திடல் இருக்கிறது, வழவழப்பான சிமெண்டு. ராத்திரி 10 மணிக்கு அங்கிள்மார் ஆட்டத்தை முடித்துக்கொண்டு போனதும் நான் இறங்குவேன். அந்தத் தரைக்கு இந்த வீல் அருமை. ஆலி (பலகையோடு துள்ளுவது) வந்துவிட்டது, கிக்ஃபிளிப் (துள்ளும்போது பலகையைச் சுழற்றுவது) பத்துக்கு இரண்டு.

வெளியே போனால்தான் வேதனை. கோலாலம்பூர் ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் நடைபாதையில் பாதி தூரம் பதித்த கல், கல்லுக்குக் கல் இடுக்கு. நடுவில் மஞ்சள் நிற மேட்டு ஓடு. மீதி, சரளை துருத்திக்கொண்டு நிற்கும் பழைய தார். ஐந்து நிமிடத்தில் உள்ளங்கால் மரத்துவிடும். பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறேன், இல்லாவிட்டால் நாக்கு போய்விடும்.

போன வாரம் ஒரு கல். சத்தியமாக மிளகு அளவுதான். முன் வீலில் மாட்டியதும் பலகை நின்றது, நான் நிற்கவில்லை. முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. பூமாலைக் கடை அக்கா ரோஜாவுக்குத் தெளிக்கும் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டார். வீட்டில் அம்மா, “மோட்டாரில் விழுந்தாலாவது வெளியில் சொல்லலாம், இதை என்னன்னு சொல்றது?” என்றார்.

அந்த வேகத்தில் ஒரு கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் எதையும் கேட்காமல் 60 மி.மீ., 78ஏ எடுத்துக் கொடுத்தார். தாரில் மிதக்கிறது. ஆனால் முதல் வளைவிலேயே வீல் பலகையின் அடியில் உரசிப் பிடித்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் கறுப்பாக இரண்டு பிறை. திடலில் ஆலி போட்டால் ரப்பர் பந்தின் மேல் நிற்பது போல இருக்கிறது. பெட்டியைப் பிரித்ததால் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டார்களாம்.

இரண்டு இடத்துக்கும் ஒரே வீல் இருக்கிறதா? கையில் 150 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது.

பட்டர்வொர்த் பழசு எழுதியது:

தம்பி, எனக்கு வயது 41, முட்டிக்கு 60. அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் ஆராய்ச்சி உண்டு.

கல் வந்தால் வீலுக்கு இரண்டே வழி. ஏறித் தாண்ட வேண்டும், இல்லை அமுங்கி விழுங்க வேண்டும். ஏறுவதற்குப் பெரிய வட்டம் வேண்டும், விழுங்குவதற்கு மென்மை வேண்டும். உன் 52, 101ஏ இரண்டையும் செய்யாது. 60, 78ஏ இரண்டையும் அளவுக்கு மீறிச் செய்யும். பலகையின் வாலை அடிக்கிற வேகத்தை அந்த மெத்தையே வாங்கிக்கொள்கிறது, ஆலி எங்கிருந்து வரும்? கொஞ்சம் கோணலாக இறங்கினால் வழுக்காமல் தரையைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும்.

‘ஏ’ என்பது ஷோர் ஏ கடினத்தன்மை அளவுகோல். அது 100-ஐ ஒட்டி வரும்போது நம்பகம் குறையும். அதனால் போன்ஸ் கம்பெனி சில வீல்களுக்கு ‘பி’ அளவுகோலைப் போடுகிறது: 84பி என்றால் சுமார் 104ஏ. 84-ஐப் பார்த்து மென்மை என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். (சரி, அது நான்தான்.)

1970களின் தொடக்கம் வரை களிமண் கலவை வீல்தான், கல் பட்டால் ஆள் பறப்பான். பிராங்க் நாஸ்வொர்தி யூரித்தேன் (ரப்பர் மாதிரி பிளாஸ்டிக்) வீலைக் கொண்டுவந்த பிறகுதான் ரோடு ரோடாக இருந்தது. அப்புறம் ஸ்ட்ரீட் ஆட்கள் (தெருவில் வித்தை செய்பவர்கள்) வந்து, 1990களின் தொடக்கத்தில் வீலை 40 மி.மீ. வரை சுருக்கி மறுபடி கல்லில் விழுந்தார்கள்.

உனக்கு 54 முதல் 56 மி.மீ., 93 முதல் 97ஏ. நான் ஓட்டுவது பவல் பெரால்டா டிராகன் ஃபார்முலா, 54 மி.மீ., 93ஏ. பழைய யூரித்தேனில் 93 என்றால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், இது வழுக்கும். போன்ஸ் எக்ஸ்-ஃபார்முலாவில் 95ஏ, 97ஏ இருக்கிறது. தரையைத் தொடும் பட்டை அகலமாக உள்ளதைப் பார், ஒல்லி வீல் கல் இடுக்கில் இறங்கும்.

பேரிங் புதிதாக வாங்காதே. எல்லாம் ஒரே 608 அளவுதான், உள்ளே 8, வெளியே 22 மி.மீ. வீலை டிரக் (பலகைக்கு அடியில் வீலைத் தாங்கும் உலோகத் துண்டு) அச்சின் நுனியில் பாதி மாட்டி, கைப்பிடியைத் திருகுவது போல நெம்பினால் பேரிங் வெளியே வரும். நட்டுக்கு 13-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும்.

ஜார்ஜ்டவுன் வந்தால் அஞ்சடியை (கடை வாசல் கூரை நடைபாதை) மட்டும் நம்பாதே. கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும், ஓடும் மாறும். அதற்கு எந்த வீலும் கிடையாது.

செந்தூல்_இரவு எழுதியது:

அண்ணன் கணக்கு சரி, முடிவில் எனக்கு உடன்பாடில்லை. நடுவில் நிற்கிற வீல் இரண்டு இடத்திலும் அரைகுறைதான். நான் இரண்டு செட் வைத்திருக்கிறேன். அந்த 60-ஐத் தூக்கிப் போடாதே. பழைய பலகை ஒன்றைத் தேடி, 1/4 அங்குல ரைசரும் (டிரக்குக்கும் பலகைக்கும் நடுவில் வைக்கும் தகடு) நீள போல்ட்டும் வைத்துப் பூட்டு. கடிக்காது. கடைக்கு ரொட்டி வாங்கப் போக அதுபோல வராது.

வெள்ளைக்கோல் மகள் எழுதியது:

நான் ஸ்கேட்போர்டு ஓட்டுபவள் இல்லை, தலைப்பில் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்து வந்தேன். தம்பி, அந்த மஞ்சள் ஓடு அலங்காரத்துக்கு இல்லை. பார்வையற்றோர் சங்கம் நம் பக்கம்தானே இருக்கிறது. என் அப்பா அந்த மேட்டைக் கோலால் தட்டித் தட்டித்தான் ரயிலுக்குப் போகிறார். உங்கள் கடின வீலாவது கடகடவென்று சத்தம் போடும், அவர் நின்றுவிடுவார். மென்மையானது பின்னால் வந்தால் அவருக்குத் தெரியாது.

பூப்பந்துத்திடல் எழுதியது:

அக்கா, இது எனக்கு உறைக்கவே இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் ஓடு தொடங்கும் இடத்தில் இனிமேல் பலகை கையில்தான்.

அண்ணே, 54, 95ஏ வாங்கினேன். பட்ஜெட் கொஞ்சம் இடித்தது, அம்மாவிடம் சொல்லவில்லை. ஏழு பேரிங் நீங்கள் சொன்னபடி வந்தது, எட்டாவதுக்குப் பக்கத்து வீட்டு அங்கிள் கை கொடுத்தார். தாரில் அதிர்வு இன்னும் இருக்கிறது, ஆனால் பல்லைக் கடிக்காமல் ஓட்டுகிறேன். பூமாலைக் கடை வாசலில் அதே மாதிரி ஒரு கல், டக் என்று சத்தம் வந்தது, தாண்டிவிட்டேன். திடலில் ஆலி ஒரு விரல் குறைந்திருக்கிறது. அது வீலா நானா தெரியவில்லை.

செந்தூல் அண்ணே, என்னிடம் பழைய பலகை இல்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த 60 யாருக்காவது வேண்டுமா? ஒரே வாரம் ஓடியது, 50 வெள்ளி.