பெட்ரோலா, கரண்டா? கோவைக்காரனுக்கு ஒரு வழி சொல்லுங்க

வணக்கம். என் 2016 மாடல் பெட்ரோல் கார் 1,10,000 கி.மீ. ஓடிடுச்சு. இப்போ ஆயில் குடிக்குது. மெக்கானிக் அண்ணன், "பிஸ்டன் ரிங் போயிருக்கும், எஞ்சினை இறக்கித்தான் பார்க்கணும்"ங்கிறார்.

புதுசு எடுக்கலாம்னா டர்போ எஞ்சின்னாலே பயம். டொயோட்டாவே 2024-ல அமெரிக்காவுல டண்ட்ரா பிக்கப் வண்டியோட வி6 டர்போ எஞ்சினுக்குள்ள உலோகத் துகள் தங்கியிருக்கலாம்னு சுமார் 1 லட்சம் வண்டியைத் திரும்ப அழைச்சாங்க. எலெக்ட்ரிக்ல அந்தத் தொல்லை இல்லை. பேட்டரிக்குப் பல கம்பெனி 8 வருஷம், 1,60,000 கி.மீ. வாரண்டி தர்றாங்க. ஆனா மாசம் ரெண்டு தடவை அம்மாவோட திருநெல்வேலி போகணும். வழியில ரொம்ப நேரம் உட்கார அவங்களால முடியாது.

இந்த ரூட்ல எலெக்ட்ரிக் ஓட்டுறவங்க எங்க சார்ஜ் போடுறீங்க? 50,000 கி.மீ. தாண்டினவங்களுக்கு இப்போ ஃபுல் சார்ஜுக்கு எவ்வளவு ஓடுது? ஷோரூம்காரர் கணக்கு வேண்டாங்க, அது எனக்கே மனப்பாடம்.